மாடி வீட்டுக் கடல்

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஓர் ஊரில், கடலைப் பள்ளிக்கூடத்துப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஜனங்களுக்கு நடுவே, செங்கோடன் என்று ஒருத்தன் இருந்தான். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான், இந்தக் கதையில் அவள் பட்ட பாடு அத்தனைக்கும் அந்த உயிர்தான் காரணம் என்று சொன்னால் அவன் இன்றைக்கும் நம்பமாட்டான்.

அவள் பேர் விண்ணரசி. தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைத்துறை என்கிற மீனவர் ஊரில் பிறந்து, ஐஸ் லாரிக்குக் கூண்டு சரிபண்ண வந்த செங்கோடனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் பின்னால் பஸ் ஏறி வந்தவள். வருஷங்கள் போக, கோபங்கள் வற்றி, அவளுடைய அம்மா சலேத்தம்மாளும் அண்ணன் கித்தேரியானும் போனில் பேசத் தொடங்கினார்கள், எப்ப வாரே எப்ப வாரே என்று கேட்கவும் தொடங்கினார்கள். "ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு வந்திரட்டாங்க?" என்று இவள் கேட்கும்போதெல்லாம் செங்கோடன் "போலாம், போலாம்" என்பான். ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, முடியட்டும், போலாம். பொங்கலுக்கு முதலாளி லீவு தரமாட்டார், கழியட்டும், போலாம். வெயில் தாழட்டும், மழை விடட்டும், போலாம். தனியாகப் போகிறேன் என்றால் அவன் முகம் வாடிவிடும், அவன் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது, அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னைக்குப் புது லாரி ஒன்றை ஒப்படைக்கப் போன இடத்தில், ஒரு பெரிய ஓட்டலின் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் கடலும் கடலுக்குள் கலர் கலராக மீனும் இருப்பதைச் செங்கோடன் பார்த்தான். விலை விசாரித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து மனசைத் தேற்றிக்கொண்டான். ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் அவன் கண்ணுக்குள் அந்தச் சுவரே நின்றது, வீடு வந்து சேர்வதற்குள் அவன் முடிவு பண்ணிவிட்டான்.

"நீ கடலு கடலுன்னு ஏங்கறே, கடலே உன்ற ஊட்டுக்கு வந்துட்டா அப்பறம் நீ எங்க போகோணும்?" என்றான்.

"கடலுக்கு ஏங்கலங்க, அம்மாவப் பாக்கணும்னுதான் சொன்னேன்" என்றாள் விண்ணரசி. அவன் அதற்குள் டேப்பை இழுத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

வாடகை வீடு, அதுவும் மாடி. கீழே வீட்டு ஓனர் பாவாயம்மாள் குடியிருந்தாள். பீமுக்கு நேர் மேலே, சுவரை ஒட்டி வைத்தால் பாரம் தாங்கும் என்று செங்கோடன் அவளிடம் சிமெண்டுத் தரையில் கரிக்கட்டியால் படம் போட்டு விளக்கி ஒப்புக்கொள்ள வைத்தான். இழுத்து மூடிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப்புடவை கட்டின பொம்மைகள் நின்ற ஷோகேஸ் கண்ணாடி, கட்டைவிரல் தடிமனில், சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தான். லாரி சேஸிஸில் மிஞ்சிய இரும்பை வெட்டி ஒட்டித் தாங்கி செய்தான். சிலிக்கான் பசை பூசி மூலைகளை ஒட்டி, காயும்வரை குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டான். தண்ணீரைச் சுற்றிவிட ஏர்கூலர் மோட்டார், வடிகட்ட நீல டிரம். ஊர் போர்த் தண்ணீர் ஆகாது என்று மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர். அடியில் போடக் கடல் மணல் எங்கே கிடைக்கும் என்று விண்ணரசி கேட்டபோது அவன் சிரித்தான். அந்த ஊர்க் கோழிகளுக்கு முட்டை ஓடு உறுதியாக வரக் கிளிஞ்சல் பொடிதான் தீவனம், மூட்டை மூட்டையாகக் கடற்கரையிலிருந்து வந்து இறங்குவது, கோழி தின்பதை மீனுக்குப் பரப்பினால் போயிற்று. மற்றவர்கள் காசைக் கொட்டிச் செய்வதை அவன் ஊரில் கிடப்பதை வைத்தே செய்தான், அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

மீன் விடுவதற்கு முன்னால் தொட்டி பழக வேண்டும், அதற்கு ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். போட்டான். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. பாவாயம்மாள் படியேறி வந்து, "ஏஞ்சாமி, மேல என்ன பொணமா வெச்சிருக்கறே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாற்றம் அடங்கிய பிறகு உப்பு வேலை. கடலுப்பு மாவு பாக்கெட்டில் வருவது அவன் கைக்கு எட்டாது, அதனால் லோடு டிரைவர் ஒருவரிடம் சொல்லி உப்பளத்திலிருந்து கல்லுப்பு மூட்டைகள் இறக்கினான். அளவு பார்க்கிற கருவி வாங்கவில்லை. முட்டை ஊர்க்காரனுக்குக் கருவி எதற்கு, ஒரு முட்டையைத் தண்ணீரில் விட்டான், அது மிதக்கும்வரை உப்பைக் கொட்டினான், மிதந்தது, கூப்பிட்டுக் காட்டினான். விண்ணரசி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"இது கடல் இல்லங்க, ஊறுகாய் ஜாடி."

பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு மறுபடி மழைத் தண்ணீர் விட்டார்கள். இந்த முறை செங்கோடன் ஒதுங்கி நின்றான். விண்ணரசி சேலையை இடுப்பில் செருகி, முக்காலி மேல் ஏறி நின்று, கல்லுப்பைக் கை கையாக அள்ளித் தண்ணீருக்குள் கையை விட்டே கரைத்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடி யோசித்தாள், இன்னொரு கை போட்டாள், மறுபடி பார்த்தாள். புன்னைத்துறையில் சின்னப் பிள்ளையாக அலையில் உருண்டு எத்தனை மடக்கு குடித்திருப்பாள், அத்தனையும் நாக்குக்கு நினைவு இருந்தது. கடைசிக் கையைப் போட்டுவிட்டு, "இப்பதான் கடல்" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் தொட்டியில் ஓர் அலை எழுந்து, கண்ணாடியில் மோதி, அவள் முழங்கையை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அடுத்த வாரம் லோடு டிரைவர் கேனில் கொண்டுவந்த வரி வரியான குட்டி மீன்களை விட்டார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, விண்ணரசி தன் கையாலேயே உப்புப் போட்டு வந்தாள்.

பிறகு ஒரு காலையில் அவள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் போயிருப்பாள், பின்னால் சலசலவென்று கேட்டது. திரும்பிப் பார்த்தால், தொட்டியில் இருந்த கடல் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, பாய் அகலத்துக்குத் தெருவில் வந்துகொண்டிருந்தது, உள்ளே மீன்கள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. அவள் நின்றாள், அது நின்றது. அவள் ஓர் அடி வைத்தாள், அதுவும் ஓர் அடி வைத்தது. தீவனம் வைத்த கையைத் தேடி வருகிற கன்றுக்குட்டி மாதிரி அவள் காலை முட்டிக்கொண்டு நின்றது. அவள் வீட்டுக்குத் திரும்பினாள், கடலும் திரும்பிப் படியேறித் தொட்டிக்குள் அடங்கியது. கீழே வாசல் கூட்டிக்கொண்டிருந்த பாவாயம்மாள், "கண்ணு, படியத் தொடச்சு உட்டுரு, வழுக்கும்" என்றாள்.

ஏன் இப்படி என்று ஊர் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பாவாயம்மாளே காரணம் சொல்லிவிட்டாள். உப்பை யாரும் கையிலிருந்து கைக்குக் கொடுப்பது கிடையாது, கீழே வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இவளோ கடலுக்குக் கையாலேயே ஊட்டியிருக்கிறாள். உப்பைத் தின்ற விசுவாசம், அது எப்படி இவளை விட்டுப் போகும்? கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள், கடலுக்காவது விசுவாசம் இருக்கிறதே என்று மருமகள்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

முதல் சில நாள் வேடிக்கையாக இருந்தது. விண்ணரசி ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் மெயின் ரோட்டைக் கடந்தால் போலீஸ்காரர் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, கடைசி மீன் கடக்கும்வரை காத்திருந்து விசில் அடித்தார். ஆனால் கடல் போன வழியெல்லாம் உப்புப் படிந்தது. பாவாயம்மாளின் கறிவேப்பிலை மரம் காய்ந்தது. தெருமுனை வீட்டு முருங்கை இலை உதிர்த்தது. ரேஷன் கடைப் பக்கத்துக் கிணறு கரிக்கத் தொடங்கியது. ஜனங்கள் சண்டைக்கு வரவில்லை, அவர்கள் நல்லவர்கள், கும்பலாகப் படியேறி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்கள்.

"நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க. என்ன வேணுமோ ஒரு கொரலு குடுங்க, நாங்க கொண்டாந்து தர்றோம்."

சொன்னபடி செய்தார்கள். காய் வந்தது, பால் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கறி வந்தது, தையல்காரர் மாடிக்கே வந்து ரவிக்கை அளவு எடுத்தார், மாதா கோவிலிலிருந்து ஃபாதர் வந்து தொட்டிக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விண்ணரசியைக் கண்டு, "குடுத்து வெச்ச மகராசி, காலு தரையில படாம வாழறா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கோ சில சமயம் அந்த ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு போகவில்லை. சாயங்காலம் ஆனால் மாடி ஜன்னலிலிருந்து கடற்காற்று இறங்கித் தெரு முழுக்க வீசியது, கருங்கல் பாறை சுடுகிற ஊரில் அந்த ஒரு தெரு மட்டும் குளிர்ந்து கிடந்தது. காற்று வாங்க ஜனம் வந்தது, ஜனம் வந்ததும் சுண்டல் வண்டி வந்தது, மிளகாய் பஜ்ஜி வந்தது, பலூன் சுடுகிற பலகை வந்தது. ஆடி அமாவாசைக்குக் காவிரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போக வசதிப்படாதவர்கள் எள்ளும் தண்ணீருமாகப் படி நெடுக வரிசையில் நின்று, மாடிக் கடலில் கை நனைத்துத் தங்கள் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து 'மாடிக்கடல் வீதி குடியிருப்போர் நலச் சங்கம்' என்று ஒன்று ஆரம்பித்து பேனரும் வைத்துவிட்டார்கள். பட்டறையில் செங்கோடனைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கித் தந்தார்கள். அவன் வேலை முடிந்து வந்து, தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்ப்பான். அவனுக்கு அந்தக் காட்சி திகட்டவே இல்லை.

அப்படி ஒரு சாயங்காலம்தான் கித்தேரியானின் போன் வந்தது.

"எம்மா, அம்மாவுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. நரம்பு காஞ்சிட்டாம், ஆபரேசன் பண்ணியும் பிரயோசனம் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மழக்காலம் வரைக்கும் தெரியலாம், அதுக்கு மேல இருட்டுத்தான்னாரு. கண்ணு முழுசா அவியிறதுக்கு முந்தி ஒரு வாட்டி ஒம் மொகத்தப் பாக்கணும்னு சொல்லுதா. வேற ஒண்ணும் கேக்கல."

விண்ணரசி போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வீட்டை விட்டு ஓடி வந்த அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தை இவள் பார்த்துவிட்டு வந்தாள், அம்மா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்து அழுதாள். மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், புறவழிச்சாலையில் போய் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கடல் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தது. ஊருக்குள் இருந்தவரை தார்ச்சாலையோடு ஒழுங்காகத்தான் வந்தது. ஊர் தாண்டி, சாலை மேடாகி, இருபுறமும் மரவள்ளியும் நிலக்கடலையும் பள்ளத்தில் பச்சையாகக் கிடக்கிற இடம் வந்ததும், ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் வழிந்து வயலில் இறங்கியது. வரப்பில் நின்ற ஒருவர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, திட்டவும் இல்லை, கத்தவும் இல்லை, கும்பிட்டார். விண்ணரசி ஜன்னல் வழியாக அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தாள். "நிறுத்துங்கண்ணே, எறங்கிக்கிடுதேன்" என்று கண்டக்டரிடம் சொல்லி, இறங்கி, வந்த வழியே நடந்தாள், கடலும் கூடவே நடந்தது. சாயங்காலம் அவள் தெருவுக்குள் நுழைந்தபோது சுண்டல் வண்டிக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார்.

சங்கம் கூடியது. எல்லாருக்கும் அவள் மேல் இரக்கம்தான். அம்மாவை இங்கேயே அழைத்து வந்துவிடலாம், கார் ஏற்பாடு பண்ணுகிறோம் என்றார்கள். கண்ணு தெரியாத காலத்தில் புது ஊரில் சுவரைத் தடவிக்கொண்டு திரியச் சொல்கிறார்களா, நான் பிறந்த மண்ணிலேயே கிடக்கிறேன் என்று சலேத்தம்மாள் சொல்லிவிட்டாள். அப்படியானால் வீடியோ கால் என்றார்கள், ஒருவர் வீட்டுப் பெரிய டிவியையே தூக்கி வந்து மாட்டினார்கள், அதில் அம்மாவின் முகம் சுவர் அளவுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் அம்மாவின் கையில் இருந்தது கித்தேரியானின் போன்.

"எங்க இருக்கா? வெளிச்சம் அடிக்குதே ஒழிய ஒண்ணும் தெரியலியே" என்றாள் சலேத்தம்மாள், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, தள்ளிப் பிடித்து, மறுபடி கொண்டு வந்து. "நேர்ல வந்தா ஓரக்கண்ணு போட்டாவது பாத்துருவேன், எய்யா கித்தேரி."

சங்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்மால் ஆனதைச் செய்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார்கள். செங்கோடன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என்ன பண்றது அரசி, நம்ம கையில என்ன இருக்குது?" என்றான். அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் தண்ணீர் மாற்றுகிற நாள் வந்தது. செங்கோடன் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, மழைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உப்பு மூட்டையைப் பிரித்து வைத்து அவளைக் கூப்பிட்டான். விண்ணரசி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க போடுங்க."

"எனக்கு அளவு தெரியாதே."

"போடுங்க, நான் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுதேன். என் கை இனிமே உப்பத் தொடாது."

மீன் செத்துவிடுமே என்று அவன் கெஞ்சினான், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவனே அள்ளிப் போட்டான், தண்ணீருக்குள் கையை விட்டுக் கரைத்தான், போதும் என்று அவள் சொன்னதும் நிறுத்தினான். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாரா வாரம் அவள் உப்பு வெளியே போய் அவன் உப்பு உள்ளே வந்தது. சமையலுக்குக்கூட அவனையே போடச் சொன்னாள். தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று கேட்டால், தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் எழும்பி அவள் முழங்கையைத் தேடுகிற அலை நாளுக்கு நாள் சிறுத்து வந்ததை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். மழைக்காலம் பிறந்தது. ஒரு காலையில் செங்கோடன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏறி உதைத்துத் தெருமுனை திரும்பினான். பின்னால் சலசலவென்று கேட்டது.

அவன் திரும்பி வருவதற்குள் விண்ணரசி பையோடு படியிறங்கி விட்டாள். கேட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள், கடல் அவன் செருப்பை நனைத்துக்கொண்டு நின்றது. அவள் ஓர் அடி தள்ளி வைத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. இன்னோர் அடி. அசையவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, அதற்குமேல் அங்கே நிற்க அவளுக்குக் கால் தரிக்கவில்லை.

"நான் எப்பிடி பட்டறைக்குப் போவேன்?" என்றான் செங்கோடன்.

"தெரியலங்க" என்றாள். போய்விட்டாள்.

புன்னைத்துறையில் சலேத்தம்மாள் வாசலில் வலைக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து முன்னால் மண்டியிட்டு, அவளுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பினாள் அம்மா, ஓரக்கண்ணைப் போட்டுப் பார்த்தாள், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் நெற்றியையும் மூக்கையும் தாடையையும் தடவினாள்.

"போன மாசம் வரைக்கும் கித்தேரி சட்டைக் கலரு தெரிஞ்சிச்சு" என்றாள். "மெலிஞ்சிட்டியோ?"

"இல்லம்மா."

"பொய் சொல்லுதே" என்று சொல்லிவிட்டு, சலேத்தம்மாள் தடவுவதை நிறுத்தவில்லை.

இங்கே மாடிக்கடல் வீதியில், செங்கோடன் வீட்டோடு கிடந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பான். முதல் நாளே பாவாயம்மாள் கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, "பாவம், ஆம்பளப் பையன், ஊட்டுக்குள்ளயே எப்பிடிக் கெடப்பான்?" என்றாள். இரண்டாம் நாள் டீக்கடையில் அதே பேச்சு. பட்டறை முதலாளி பெரியண்ணன், வெல்டிங் ஆள் இல்லாமல் கூண்டுகள் பாதியில் நிற்கிறதே என்று வெள்ளைச் சட்டையோடு நேரிலேயே வந்தார். சங்கம் உடனே கூடியது. வேலைக்குப் போகிறவன், நாலு இடம் போய்வருகிறவன், அவனை அடைத்து வைப்பது பாவம் என்று ஒருவர் சொல்ல, ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. காற்று போனால் போகட்டும், ஃபேன் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அமாவாசைக்குக் காவிரிக்கே போய்க்கொள்கிறோம் என்றார்கள். பஜ்ஜி வண்டிக்காரர்கூட, வேறு தெரு பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் பெரியண்ணன். "நாளைக்குக் காத்தால டேங்கர் லாரி ஒண்ணு அனுப்பறேன். பையன் முன்னால ஏறி உக்காரட்டும், கடலு பின்னால ஏறிக்கும். கொண்டோயி கடல்லயே உட்டுட்டு வந்துரட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் லாரிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். செங்கோடன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், கடல் படியிறங்கி வந்து, லாரியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்க ஏணியில் ஏறி, மூடியின் வழியாக டேங்கருக்குள் இறங்கி, கடைசி மீன் வரைக்கும் அடங்கிக்கொண்டது. வழியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மரவள்ளி வயல்களுக்கு நடுவே லாரி போனபோது வரப்பில் நின்றவர் அதைத் தண்ணி லாரி என்றுதான் நினைத்தார்.

புன்னைத்துறை கடற்கரையில் டேங்கர் வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. செங்கோடன் இறங்கி மணலில் நடந்து அலையில் கால் வைத்தான், பின்னால் இறங்கி வந்த கடல் அவனைத் தாண்டிப் போய்ப் பெரிய கடலில் கலந்தது. கலந்த பிறகு அதற்கு அவன் உப்பு எது, மற்ற உப்பு எது என்று தெரியவில்லை. அவன் கரைக்கு வந்தான், இந்தப் பக்கம் பத்தடி நடந்தான், அந்தப் பக்கம் பத்தடி நடந்தான், எதுவும் தொடரவில்லை. சின்னப் பையன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடினான்.

விண்ணரசி அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு எதிரே வந்தாள். வீட்டிலிருந்து கரைக்கு வரும் வழியை அடி அடியாக அம்மாவின் காலுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள், இங்கே ஒரு கல், இங்கே ஒரு கயிறு, இங்கே வள்ளம் நிற்கும், சுற்றிப் போகணும் என்று. செங்கோடன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான்: சங்கம் கூடியது, முதலாளி சொன்னது, கடல் ஏணியில் ஏறியது, ஒரு சொட்டு சிந்தாதது.

"எல்லாம் முடிஞ்சுது அரசி. இனி நீ எங்க வேணும்னாலும் போலாம், நான் எங்க வேணும்னாலும் போலாம். பைய எடுத்துட்டு வா, டிரைவரு காத்துட்டு இருக்காரு."

விண்ணரசி அவன் தோளுக்கு மேலே, பனை மரங்களுக்கு நடுவே நின்ற டேங்கரைப் பார்த்தாள். உருண்டையாக, நீளமாக, வெள்ளை பெயிண்ட் அடித்து, வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லாரி புதுசாங்க?"

"புதுசெல்லாம் இல்ல" என்றான் செங்கோடன். "பட்டறைக்குப் பின்னால நாலஞ்சு எப்பவும் சும்மாதான் நிக்கும். இது இருக்கறதுலயே பழசு. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தது."

"நான் மதுரை பஸ் ஏறுன அன்னைக்கும் நின்னுச்சா?"

"நிக்காம எங்க போகும்?" என்று சொல்லிச் சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டான். அவன் கெட்டவன் இல்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது.

"யாருட்டி அது, மருமவனா?" என்று சலேத்தம்மாள் குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். "வாங்க. உள்ள வாங்க."

"அவங்களுக்கு நேரமாயிட்டும்மா" என்றாள் விண்ணரசி.

தூரத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். செங்கோடன் நின்ற இடத்திலேயே நின்றான். விண்ணரசி அம்மாவின் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள், வள்ளத்தைச் சுற்றிப் போகிற வழியில் காலை வைத்தாள், பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் ஊரிலும் சரி, அவள் ஊரிலும் சரி, கிளம்புகிறவரைப் பார்த்துப் போயிட்டு வாங்க என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆகாதவர்களிடம்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

"போங்க" என்றாள்.